அப்பார்க் மாளிகை: தீக்கு முந்தைய நாளை மீட்ட கட்டடம்

இங்கிலாந்தின் மேற்கு சசெக்ஸ் பகுதியில், சவுத் ஹார்ட்டிங் என்னும் சிற்றூருக்கு மேலே உயரும் சுண்ணாம்புக்கல் குன்றின் உச்சியில் அப்பார்க் மாளிகை நிற்கிறது. 1989 ஆகஸ்ட் 30 அன்று பிற்பகலில், பார்வையாளர்கள் உள்ளே இருந்தபோதே அதன் கூரையில் தீப்பிடித்தது. அன்றிரவுக்குள் கூரையும் பரண் அறைகளும் முதல் மாடியும் இல்லாமற் போயின. ஏறக்குறைய ஆறு ஆண்டுகளுக்குப் பின், 1995இல், அதே மாளிகை மீண்டும் திறக்கப்பட்டது. இன்று அங்கே செல்பவருக்கு, யாரேனும் எடுத்துச் சொன்னாலன்றி, தீயின் தடம் எளிதில் புலப்படாது. அழிந்த பாரம்பரியக் கட்டடத்தை அப்படியே திரும்பக் கட்டுவது நேர்மையான செயலா, அல்லது பழமையைப் போல நடிக்கும் புதுமையா என்ற கேள்வி கட்டடப் பாதுகாப்புத் துறையில் ஒன்றரை நூற்றாண்டாக இருந்துவருகிறது. அந்தக் கேள்வியை அப்பார்க் அளவுக்குக் கூர்மையாக எழுப்பிய வீடுகள் சிலவே. அங்கே எடுக்கப்பட்ட முடிவு சரியானது என்பது என் கருத்து. அதற்கான காரணங்கள் தீயில் தொடங்கவில்லை, அந்த வீட்டின் முந்நூறு ஆண்டு வரலாற்றில் இருக்கின்றன.

குன்றின் மேல் ஒரு செங்கல் வீடு

மாளிகையைக் கட்டியவர் ஃபோர்டு கிரே. 1683இல் அரசருக்கு எதிரான சதியிலும், 1685இல் அரசுரிமை கோரி எழுந்த மன்மத் கோமகனின் கிளர்ச்சியிலும் பங்குகொண்டவர். கிளர்ச்சியாளர்களின் குதிரைப்படையை நடத்தியவர். தோல்விக்குப் பின் தன் கூட்டாளிகளுக்கு எதிராகச் சாட்சி சொல்லி உயிர் தப்பியவர். மூன்றாம் வில்லியம் ஆட்சிக்கு வந்தபின் அவருடைய செல்வாக்கு மீண்டது. 1695இல் டாங்கர்வில் பிரபு ஆனார். 1690ஆம் ஆண்டையொட்டி அவர் எழுப்பிய இந்த வீட்டை வடிவமைத்தவர் வில்லியம் டால்மன் என்று மரபாகச் சொல்லப்படுகிறது.

இவ்வளவு உயரத்தில் பெரிய வீடு ஒன்றைக் கட்டும் எண்ணமே முந்தைய தலைமுறையின் அறிவுக்குக் கடன்பட்டது. கிரேயின் தாய்வழிப் பாட்டனார் சர் எட்வர்டு ஃபோர்டு, தேம்ஸ் ஆற்று நீரை லண்டன் தெருக்களுக்கு ஏற்றும் இறைப்பொறியை அமைத்தவர். பள்ளத்திலிருந்து நீரை மேலேற்றும் அந்த நுட்பம் இருந்ததால்தான் நீரற்ற குன்றின் உச்சியில் ஒரு குடும்பமும் அதன் பணியாளர் கூட்டமும் வாழ முடிந்தது. வீட்டின் தெற்கு முகப்பிலிருந்து பார்த்தால் குன்றுச் சரிவுகளைத் தாண்டிக் கடலும் வைட் தீவும் தெரியும்.

வடிவத்தில் இது அடக்கமான வீடு. சிவந்த செங்கல் சுவர்கள். மூலைகளிலும் சாளரச் சட்டங்களிலும் வெளிர்நிறக் கல். நான்கு புறமும் சரியும் கூரை. அதில் பரண் அறைகளின் சிறு சாளரங்கள். தெற்கு முகப்பின் நடுவே மேலே ஒரு முக்கோண முகப்பு. 1690களில் குதிரையில் ஊர் ஊராகச் சென்று குறிப்பெழுதிய சீலியா ஃபைன்ஸ் என்ற பெண்மணி, புதிதாகக் கட்டப்பட்ட சதுரமான இந்த வீட்டின் முன்புறத்தில் ஒன்பது சாளரங்களும் பக்கங்களில் ஏழும் இருப்பதை எண்ணி எழுதிவைத்தார். அந்தக் கணக்கு இன்றும் பொருந்துகிறது. அக்காலத்தில் ஆங்கிலச் செல்வந்தர்கள் டச்சு நாட்டு வீடுகளைப் பார்த்து விரும்பிய அளவொழுங்கும் எளிமையும் இந்த முகப்பில் முழுமையாக இறங்கியிருக்கின்றன. எந்தப் பகுதியும் தன்னைத் தனியே காட்டிக்கொள்ள முயலவில்லை. சாளரங்களுக்கும் சுவருக்கும் இடையிலான விகிதமே அழகு முழுவதையும் சுமக்கிறது.

உள்ளே நாம் காண்பது பெரும்பாலும் அடுத்த உரிமையாளரின் ஆக்கம். 1746இல் மேத்யூ ஃபெதர்ஸ்டன்ஹா என்பவருக்குத் தூரத்து உறவினர் ஒருவர் வழியாக நான்கு லட்சம் பவுண்டு சொத்து வந்தது. மறு ஆண்டு 19,000 பவுண்டுக்கு அப்பார்க்கை வாங்கினார். வாங்கிய விலையைப் போல இருபது மடங்குக்கும் மேல் கையில் இருந்தது என்பதே அடுத்த கால் நூற்றாண்டில் அந்த வீடு எப்படி நிரம்பியது என்பதை விளக்கிவிடும். அவரும் மனைவி சாராவும் 1749 முதல் 1751 வரை ஐரோப்பாவில் பயணம் செய்தார்கள். ரோமில் பொம்பியோ பட்டோனி என்ற ஓவியரிடம் குடும்பத்தினரின் உருவப்படங்களை வரைவித்தார்கள். திரும்பிவந்தபின் அறைகளின் விதானங்களில் சுதை வேலைப்பாடுகள் எழுந்தன. தெற்கு நடுவில் உள்ள பெரிய வரவேற்புக் கூடம் வெள்ளையும் பொன்னுமாக மாறியது. சாரா தன் பிறந்தகத்திலிருந்து கொண்டுவந்த பொம்மை வீடும் இங்கேயே தங்கிவிட்டது. சின்னஞ்சிறு வெள்ளிப் பாத்திரங்கள் வரை எல்லாம் குறையாமல் உள்ள அது, பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலக் குடும்பத்தின் அன்றாடத்தை அறிய உதவும் அரிய சான்று.

அவர்களுடைய மகன் சர் ஹாரி காலத்தில் நிலத்தோற்றக் கலைஞர் ஹம்ஃப்ரி ரெப்டன் அழைக்கப்பட்டார். 1810களில் அவர் வாசலை வடக்குப் பக்கத்துக்கு மாற்றித் தூண்கள் தாங்கிய முகமண்டபம் ஒன்றைச் சேர்த்தார். சமையற்கட்டும் குதிரை லாயமும் வீட்டை விட்டு விலகிய தனிக் கட்டடங்களில் இருந்தன. அவற்றையும் மாளிகையின் நிலவறையையும் நிலத்தடிச் சுரங்கவழிகள் இணைக்கின்றன. உணவும் விறகும் அவற்றைச் சுமந்த ஆட்களும் மேலே உலவும் விருந்தினர் கண்ணில் படாமல் அவ்வழியே வந்துபோயினர். கட்டடக் கலையாகப் பார்க்கும்போது அது நுட்பமான தீர்வு. அதே வழிகள் ஒரு சமூக அமைப்பின் வரைபடமாகவும் இருப்பதை மறைக்கத் தேவையில்லை.

காலம் நின்ற ஐம்பது ஆண்டுகள்

1825இல், எழுபது வயதைக் கடந்த சர் ஹாரி, தன் பண்ணையில் பால்வேலை செய்துவந்த மேரி ஆன் புல்லக் என்ற இளம்பெண்ணை மணந்தார். 1846இல் அவர் இறந்தபோது சொத்து முழுவதும் மேரி ஆனுக்கு வந்தது. அவருக்குப் பின் அது தங்கை ஃபிரான்சிஸ் கைக்குச் சென்றது. 1895இல் ஃபிரான்சிஸ் இறக்கும் வரை சகோதரிகள் இருவரும் வீட்டை சர் ஹாரி விட்டுச்சென்றபடியே வைத்திருந்தார்கள். விக்டோரியா காலத்துச் செல்வந்தர்கள் நாடெங்கும் வீடுகளை இடித்து விரித்துக் கோபுரங்கள் சேர்த்துக்கொண்டிருந்தபோது, அப்பார்க்கில் திரைச்சீலைகள் தொங்கிய இடத்திலேயே வெளிறின. பொன்பூச்சு இருந்த இடத்திலேயே மங்கியது. எளிய குடும்பத்திலிருந்து வந்த இரு பெண்களின் விசுவாசமே பதினெட்டாம் நூற்றாண்டின் உட்புறம் ஒன்றை முழுமையாக நமக்குக் கொடுத்தது. கட்டட வரலாற்று நூல்கள் இதை ஒரு சுவையான செய்தியாக மட்டும் சொல்லிக் கடந்துபோவது எனக்கு வருத்தம் தரும் ஒன்று. பாதுகாப்பு என்ற சொல்லுக்குச் சட்டப் பொருள் வருவதற்கு முன்பே அதைச் செய்தவர்கள் அவர்கள்.

அந்தக் காலத்தில், 1880 முதல் 1893 வரை, வீட்டு நிர்வாகியாகப் பணியாற்றியவர் சாரா வெல்ஸ். அவருடைய மகனும் பின்னாளில் புகழ்பெற்ற எழுத்தாளருமான எச். ஜி. வெல்ஸ் சிறுவயதில் நிலவறையில் உள்ள தாயின் அறையில் தங்கி, மேலேயிருந்த நூல்களை எடுத்துப் படித்து வளர்ந்தார்.

இருபதாம் நூற்றாண்டில் வீடு கடற்படைத் தலைவர் சர் ஹெர்பர்ட் மீட் ஃபெதர்ஸ்டன்ஹாவிடம் வந்தது. நைந்து கிழிந்த பட்டுத் திரைகளைத் தூக்கியெறியும் வழக்கம் எங்கும் இருந்த காலத்தில், அவருடைய மனைவி அவற்றைச் சோப்புவேர்ச் செடியின் சாற்றில் அலசி, இழை இழையாகத் தைத்து நிலைப்படுத்தினார். துணிப் பாதுகாப்பு ஒரு தனித் துறையாக இங்கிலாந்தில் வளர்ந்ததில் அந்தக் கைவேலைக்கு உண்மையான பங்கு உண்டு. 1954இல் குடும்பம் மாளிகையை, வரலாற்றுக் கட்டடங்களைப் பேணும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்குக் கொடுத்தது. மேல்மாடியில் தொடர்ந்து குடியிருந்தது.

இங்கிலாந்தில் 1947ஆம் ஆண்டு நகர, ஊரகத் திட்டமிடல் சட்டத்தின் வழியே வரலாற்றுக் கட்டடங்களைப் பட்டியலிடும் முறை உறுதிப்பட்டது. பட்டியலில் உள்ள கட்டடங்களில் ஏறத்தாழ நாற்பதில் ஒன்றுக்கே முதல் தரம் தரப்படுகிறது. அப்பார்க் அந்த முதல் தரத்தைச் சேர்ந்தது. அத்தகைய கட்டடத்தின் தன்மையை மாற்றும் எந்த வேலைக்கும், உள்ளேயானாலும் வெளியேயானாலும், தனி ஒப்புதல் வேண்டும். தீப்பிடித்து எரிந்தாலும் அந்தத் தகுதி தானாக நீங்குவதில்லை. எஞ்சிய சுவரும் பட்டியலில் உள்ள சுவரே.

கூரை வேலையும் தீயும்

1989இல் கூரைப் பழுதுபார்ப்பு முடியும் தறுவாயில் இருந்தது. சாரம் இன்னும் பிரிக்கப்படவில்லை. ஈயத்தகடுகளை வெப்பத்தால் இணைக்கும் பணியின்போது தீப்பற்றியது. ஈயம் 327 பாகை செல்சியசில் உருகிவிடும். அதை இணைக்கப் பயன்படும் வாயுச் சுடரின் வெப்பமோ அதைவிடப் பன்மடங்கு அதிகம். தகட்டுக்குக் கீழே இருப்பது மூன்று நூற்றாண்டு காய்ந்த மரப்பலகை. பலகைகளின் இடுக்கில் தூசியும் பறவைக்கூட்டுச் சருகும் சேர்ந்திருக்கும். அங்கே விழும் ஒரு கனல் மேலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாமல் நெடுநேரம் புகைந்து, பணியாட்கள் இறங்கிச் சென்றபின் சுடராக எழக்கூடும். பழைய கட்டடங்களுக்கு மிகப் பெரிய ஆபத்து அவற்றைச் செப்பனிடும் காலத்திலேயே வருகிறது என்பது இத்துறையில் உள்ளவர் அனைவரும் அறிந்த உண்மை.

தீ கூரையில் தொடங்கிக் கீழ்நோக்கி இறங்கியதே மாளிகையின் உடைமைகளைக் காப்பாற்றியது. மேலே எரிந்துகொண்டிருக்க, பணியாளர்களும் குடும்பத்தினரும் தன்னார்வலர்களும் தீயணைப்பு வீரர்களும் கைச்சங்கிலியாக நின்று, கீழ்த்தளக் காட்சியறைகளிலிருந்து ஓவியங்களையும் நாற்காலிகளையும் விரிப்புகளையும் புல்வெளிக்குக் கடத்தினார்கள். திரைச்சீலைகள் கம்பியிலிருந்து இழுத்து இறக்கப்பட்டன. பொம்மை வீடும் தப்பியது. கீழ்த்தளப் பொருள்களில் மிகப் பெரும்பகுதி பிழைத்தது. மேல்மாடியில் இருந்த குடும்பத்தின் சொந்த உடைமைகள் ஏறக்குறைய முழுவதும் போயின. பின்னர் கூரை உத்தரங்களும் மேல்தளங்களும் இடிந்து கீழ்த்தள அறைகளுக்குள் விழுந்தன. விழுந்த சாம்பலும் காரையும் குவிந்து, சுவர்களின் கீழ்ப்பகுதியில் இருந்த மரவேலையைச் சில இடங்களில் சுடரிலிருந்து மூடிக் காத்தன. நிலவறை பெரும்பாலும் நின்றது.

குப்பையை அகழ்ந்தெடுத்தது

அடுத்து வந்த வாரங்களில் நடந்த வேலைதான் இந்த நிகழ்வின் இதயம் என்று நினைக்கிறேன். எரிந்த இடிபாட்டை இயந்திரம் வைத்து அள்ளி வண்டியேற்றுவதே வழக்கம். அப்பார்க்கில் அதற்கு மாறாக ஒவ்வோர் அறையின் தரையும் தொல்லியல் அகழாய்வில் செய்வதுபோலக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. எந்தக் கட்டத்திலிருந்து எது எடுக்கப்பட்டது என்ற குறிப்போடு, ஈரமான சாம்பல் குவியல் ஆயிரக்கணக்கான குப்பைத்தொட்டிகளில் சேகரிக்கப்பட்டது. பிறகு சலித்துப் பிரிக்கப்பட்டது. சுதையின் இலைத்துண்டு, பாதி கரிந்த மரச்செதுக்கு, கதவின் பித்தளைப் பூட்டு, விளக்கின் கண்ணாடி மணி ஒவ்வொன்றும் முகவரியோடு கிடைத்தன. ஒரு விதானத்தின் எந்த மூலையில் எந்தப் பூங்கொடி வளைந்தது என்பது, அது விழுந்த கட்டத்தைக் கொண்டே பல இடங்களில் தெளிவாயிற்று.

இதற்கிடையே மாளிகை முழுவதையும் மூடும் பெரிய சாரமும் தற்காலிகக் கூரையும் எழுப்பப்பட்டன. தீயை அணைக்கப் பாய்ச்சிய நீர் தடித்த செங்கல் சுவர்களில் ஊறியிருந்தது. அதை மெதுவாகவே உலரவிட வேண்டும். அவசரப்பட்டால் எஞ்சிய காரை வெடிக்கும். தாமதித்தால் பூஞ்சை மரத்தைத் தின்னும்.

முடிவு

நேஷனல் டிரஸ்ட் முன்னால் இருந்த வழிகள் பல. எஞ்சிய சுவர்களை இடித்துவிடலாம். கூரையற்ற சிதிலமாக நிலைப்படுத்தி வைக்கலாம். வெளிச்சுவருக்குள் புதிய காலத்தின் கட்டடத்தை அமைக்கலாம். இழந்ததைத் திரும்பச் செய்யலாம். கடைசி வழி தேர்ந்தெடுக்கப்பட்டது. காப்பீட்டு ஒப்பந்தம் மீட்டுக் கட்டும் செலவை ஏற்றதும் அந்த முடிவுக்குத் துணைநின்றது. பணம் இருந்ததால் மட்டுமே கட்டினார்கள் என்று விமர்சகர்கள் சொன்னதற்கு அதுவே காரணம். மொத்தச் செலவு ஏறத்தாழ இரண்டு கோடி பவுண்டு.

ஆனால் எந்தக் காலத்துக்குத் திரும்புவது? ஃபோர்டு கிரே கட்டிய 1690க்கா, மேத்யூ அழகுபடுத்திய பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கா, ரெப்டன் மாற்றிய 1815க்கா? இயன்றவரை தீப்பிடித்ததற்கு முந்தைய நாளின் நிலைக்கு என்று டிரஸ்ட் வகுத்தது. இந்த ஒரு வரையறையில் பெரும் அறிவு அடங்கியிருக்கிறது. புதுப்பிக்கிறோம் என்ற பெயரில் தமக்குப் பிடித்த ஒரு நூற்றாண்டைத் தேர்ந்து மற்றவற்றை நீக்கும் ஆசையை அது தடுத்தது. மங்கிய பொன்னும் வெளிறிய சிவப்பும், தளர்ந்த விளிம்புகளும் அந்த நாளின் பகுதிகள்தாம். ஆகவே அவையும் திரும்பவேண்டும்.

சுதை வேலையில் இதன் கடினம் முழுமையாக வெளிப்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில விதானங்களில் அச்சில் வார்த்து ஒட்டிய பகுதிகள் உண்டு என்றாலும், அப்பார்க்கின் இலைகளும் மலர்களும் சாரத்தின் மேல் அண்ணாந்து நின்றபடி ஈரச்சுதையைக் கையால் வடித்துச் செய்யப்பட்டவை என்பதை உடைந்த துண்டுகளே காட்டின. அந்தத் திறமை இங்கிலாந்தில் ஏறக்குறைய மறைந்திருந்தது. சுண்ணாம்பும் மணலும் விலங்கு முடியும் எந்த அளவில் சேரவேண்டும், எவ்வளவு நேரம் கலவை கைக்கு இணங்கும் என்பவை சோதனைகளால் மீண்டும் கற்றுக்கொள்ளப்பட்டன. அச்சு எடுத்துவிட்டால் வேலை எளிதாக முடிந்திருக்கும். ஆனால் ஒரே இலை இருபது முறை அப்படியே திரும்ப வரும் விதானம், தொலைவிலிருந்து பார்த்தாலும் உயிரற்றதாகவே தெரியும். ஒவ்வோர் இலையையும் ஒரு கை தனியாக வடித்தபோதே பழைய விதானத்தின் அசைவு வந்தது.

மரவேலையில் கரிந்த பகுதியை மட்டும் வெட்டி, பிழைத்த பழைய செதுக்கோடு புதிய மரத்தைப் பொருத்திச் செதுக்கினார்கள். சிவப்பு வரவேற்பறையில் சுவரின் மென்துகள் பதித்த தாளுக்கு மீட்கப்பட்ட துண்டுகளைப் பார்த்துப் புதிய தாள் தயாரானது. அதன் நிறம் பழைய துண்டின் வெளிறலுக்கு ஏற்பக் குறைக்கப்பட்டது. வெள்ளை, பொன் கூடத்தில் தப்பிய பழைய வண்ணத்தைக் கழுவி நீக்கிப் புதிதாகப் பூசவில்லை. புதிய வண்ணமே பழையதோடு ஒத்துப்போகும்படி தணிக்கப்பட்டது. பொதுமக்கள் பார்வையிடாத மேல்தளங்களில் இவ்வளவு நுணுக்கமான மறுபடைப்பு தேவைப்படவில்லை. அவை இக்காலக் குடியிருப்பாகவே எழுந்தன. வரம்பை அங்கே நிறுத்தியதும் நேர்மையே. போதிய சான்றில்லாத இடத்தில் கற்பனையை வரலாறாகக் காட்டவில்லை.

மறுப்பும் மதிப்பீடும்

1877இல் எழுத்தாளரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸ் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் முன்வைத்த கொள்கை இங்கே நினைவுக்கு வரும். பழைய கட்டடத்தைச் செப்பனிடலாம், அதன் கடந்த காலத்தைப் புனையக்கூடாது. ஒருமுறை போன கைவேலை போனதுதான். அதைப் போலச் செய்வது பின்வரும் தலைமுறையை ஏமாற்றும். இந்த மறுப்பை நான் இலகுவாக எண்ணவில்லை. அப்பார்க்கின் விதானங்களைப் பார்க்கும் ஒரு மாணவர் 1750களின் கையை ஆராய்வதாக நினைத்து 1990களின் கையை ஆராயக்கூடும். பழையதைப் போல நிறம் தணிக்கப்பட்ட புதிய வண்ணம், எவ்வளவு நுட்பமானாலும், தன் வயதை மறைக்கிறது.

இருந்தாலும் மாரிஸ் எதிர்த்த செயலும் இதுவும் ஒன்றல்ல. அவர் எதிர்த்தவர்கள் நின்றுகொண்டிருந்த தேவாலயங்களின் உண்மையான பழங்கல்லைச் சுரண்டி எடுத்து, தம் ஊகத்தின்படி இடைக்காலம் எப்படி இருந்திருக்கவேண்டும் என்று கட்டியவர்கள். அப்பார்க்கில் உண்மையான பொருள் எதுவும் புதுமைக்காக நீக்கப்படவில்லை. ஊகத்துக்கு இடமிருந்த அளவும் மிகச் சிறிது. சுவர்கள் நின்றன; உடைந்த துண்டுகள் முகவரியோடு கிடைத்தன; எல்லாவற்றுக்கும் மேலாக அறைகளின் உடைமைகள் பிழைத்திருந்தன. அந்த அறைகளுக்காகவே மேத்யூவும் சாராவும் வாங்கிய படங்களையும் கண்ணாடிகளையும் எங்கோ ஓர் அருங்காட்சியகத்தில் எண்ணிட்டு அடுக்கியிருந்தால், இருநூறு ஆண்டு ஒன்றாக வாழ்ந்தவை இரண்டாம் முறை அழிந்திருக்கும். என் தீர்ப்பு இந்தக் கடைசிக் காரணத்தின் மேல்தான் நிற்கிறது.

இன்னொரு விளைவும் உண்டு. 1992 நவம்பர் 20 அன்று விண்ட்சர் கோட்டை எரிந்தபோது, பெரிய அளவில் சுதையும் செதுக்கும் செய்யத் தெரிந்த கைகள் நாட்டில் இருந்தன. அப்பார்க்கில் பயின்ற கைவினைஞர்கள் பலர் அங்கே சென்றார்கள். 1997இல் கோட்டையின் மீட்புப் பணி நிறைவுற்றது.

அதே டிரஸ்ட் பின்னர் ஓரிடத்தில் வேறு முடிவெடுத்தது. சர்ரே பகுதியில், ஜாக்கமோ லியோனி என்ற இத்தாலியர் 1720களில் வடிவமைத்த கிளாண்டன் பார்க், முதல் தரப் பட்டியலில் உள்ள மற்றொரு மாளிகை. 2015 ஏப்ரல் 29 அன்று நிலவறையில் இருந்த மின்பகிர்வுப் பெட்டியின் கோளாற்றால் தீப்பற்றி, வீடு கூடாக மாறியது. அங்கே தீ கீழிருந்து மேலே ஏறியது, காட்சியறைகளின் உடைமைகளை வெளியேற்றக் கிடைத்த நேரம் மிகக் குறைவு, பெரும்பகுதி எரிந்துபோயிற்று. ஸ்பீக்கர் அறை என்ற ஒரே ஓர் அறை மட்டும் பெரும்பாலும் தப்பியது. கீழ்த்தள அறைகளை மீட்பதாக முதலில் அறிவித்த டிரஸ்ட், 2022இல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. எரிந்த செங்கல்லும் உத்தரக் குழிகளும் தெரியும்படி உட்புறத்தை அப்படியே பேணி, தப்பிய அறையை மட்டும் செப்பனிட்டு, கட்டடத்தின் அமைப்பையே காட்சிப்பொருளாக்குவது என்று முடிவு செய்தது. அப்பார்க்கைக் காட்டி இந்த முடிவைக் கண்டித்தவர்கள் பலர். அவர்களுடைய வேதனை எனக்குப் புரிகிறது. கிளாண்டனின் பளிங்குக் கூடம் இங்கிலாந்தின் மிகச் சிறந்த உட்புறங்களுள் ஒன்று. ஆனாலும் மீட்ட அறைகளில் திரும்ப வைக்க அங்கே பொருள்கள் மிகச் சிலவே இருந்தன. அப்பார்க்கின் முடிவை நியாயமாக்கிய நிபந்தனைகளை ஒவ்வொன்றாகக் கிளாண்டனில் தேடினால் அவற்றில் முக்கியமானது இல்லை. அதனால் அங்கே சிதிலத்தைப் பேணுவதும், குன்றின் மேல் மாளிகையைத் திரும்பக் கட்டியதும் ஒன்றையொன்று மறுக்கும் முடிவுகள் என்று நான் கருதவில்லை.